கூட்டம் ஏழு மணி வரை இழுபடுகிறதே?

கேள்வி: ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டப் பகுதியில் எங்கள் சமூக சேவைக் கழகம் இயங்குகிறது. பிரதேச செயலகத்தில் பதிந்திருக்கிறோம். ஏட்டில் 28 உறுப்பினர்கள். ஞாயிறு தோறும் மாலை 4 மணிக்குக் கூட்டம் என்று பெயர், தொடங்க 4.40 ஆகிவிடும், முடிய 7 மணி. வருவது ஒன்பது பத்துப் பேர். மேல் டிவிசனுக்குக் கடைசி பஸ் 6.10க்கு. இரண்டு பெண் உறுப்பினர்கள் இதனாலேயே நின்றுவிட்டார்கள். பிள்ளை மடுவத்துக்கு (வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம்) தண்ணீர்த் தாங்கி வைப்பதென்று மூன்று தடவை தீர்மானித்தும் ஒன்றும் நடக்கவில்லை. பொருளாளரைப் பற்றி முணுமுணுப்பு இருக்கிறது. கழகத்தின் போஷகர் (புரவலர்) ஐயா பேச எழுந்தால் அரை மணித்தியாலம் போய்விடும். கூட்டம் செல்லுபடியாக வரவேண்டிய ஆட்கள், அதாவது கோரம், பாதிப் பேர் என்று யாப்பு (கழக விதிகள்) சொல்கிறது. போன மாதம்தான் நான் செயலாளரானேன். பிந்தி வருவோருக்கு 50 ரூபா தண்டம் போடலாமா என்று தலைவர் கேட்கிறார். என்ன செய்வது?

பதில்:

அன்பின் செயலாளருக்கு,

நேரத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நோய் இருப்பது தாங்கி பற்றிய அந்த ஒரு வரியில். ஒரே விடயத்தை மூன்று தடவை தீர்மானித்த கழகத்தில், நான்காவது தடவையும் அதையே கேட்க யார் மலையேறி வருவார்கள்? அங்கிருந்தே தொடங்குவோம்.

கூட்ட அறிக்கைப் புத்தகத்தைத் திறந்து தாங்கி பற்றிய பந்தியைப் பாருங்கள். அநேகமாக இப்படித்தான் எழுதியிருக்கும்: “பிள்ளை மடுவத்துக்குத் தண்ணீர்த் தாங்கி வைப்பது பற்றிப் பலரும் கருத்துத் தெரிவித்தனர். விரைவில் செய்வதாக ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.” யார் செய்வது, எந்த நாளுக்குள், எவ்வளவு காசில் என்று ஒன்றுமே இதில் இல்லை. ஏகமனதாக எல்லாரும் சம்மதித்து, எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். “விரைவில்”, “ஆவன செய்வது”, “கவனத்தில் எடுப்பது” ஆகிய மூன்று சொற்களையும் உங்கள் அறிக்கைப் புத்தகத்துக்குள் இனி விடாதீர்கள்.

அதே தீர்மானத்தை இப்படி எழுதிப் பாருங்கள்: “தீர்மானம் 1: மேல் டிவிசன் பிள்ளை மடுவத்தருகே 1000 லீட்டர் தாங்கி வைக்கத் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி கேட்பது. கடிதத்தைச் செயலாளர் புதன்கிழமைக்குள் தோட்டக் காரியாலயத்தில் கொடுத்து, பிரதியில் கையெழுத்து வாங்குவார். தாங்கி, குழாய், சீமெந்து ஆகியவற்றின் விலையைப் பொருளாளர் மூன்று கடைகளில் எழுத்தில் வாங்கி வருவார். அடுத்த திட்டக் கூட்டத்தில் இரண்டும் மேசைக்கு வரவேண்டும்.” அதன் கீழே பிரேரித்தவர் பெயர், ஆமோதித்தவர் பெயர்.

கவனித்தீர்களா, தாங்கி வாங்குவதே இந்தத் தீர்மானத்தில் இல்லை. முதல் தீர்மானம் அனுமதிக்கும் விலைக்கும் மட்டும். காணியும், தண்ணீர் வரும் ஊற்றும் அநேகமாகத் தோட்டத்துடையவை. தோட்டத் துரையிடம் (மனேஜரிடம்) வாய்மொழியாகக் கேட்ட அனுமதி, அவர் மாறிப் போனதும் அவரோடே போய்விடும். அடுத்தது எடை. 1000 லீட்டர் தாங்கி நிறைந்தால் தண்ணீர் மட்டும் 1000 கிலோ. அதைத் தாங்கக் கல்லும் சீமெந்தும் வைத்துக் கட்டிய சமதளமான அடித்தளம் வேண்டும். பலகையோ, அடுக்கிய செங்கல்லோ போதாது. மண்மேட்டு விளிம்பில் வைத்தால், மழை மாதத்தில் மண்ணும் ஊறி, மேலே ஒரு தொன் எடையும் இருந்தால், கீழே இருப்பது பிள்ளைகள் விளையாடும் இடம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நிரம்பி வழியும் தண்ணீரையும் குழாய் வைத்துக் கானுக்கு இறக்கவேண்டும், இல்லாவிட்டால் அதுவே அடித்தளத்தை அரித்துவிடும். அடித்தளத்துக்குக் காசு ஒதுக்காமல் தாங்கியை மட்டும் வாங்கும் கழகங்கள் உண்டு. அந்தத் தாங்கி வருடக்கணக்கில் மடுவத்துக்குப் பின்னால் கவிழ்ந்து கிடக்கும். எனவே தீர்மானங்களின் வரிசை அனுமதி, விலை, அடித்தளம், தாங்கி, பூட்டும் நாள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆளின் பெயர் இருக்கவேண்டும், “குழு” என்று எழுதவேண்டாம்.

தீர்மானத்தை எழுதும் நேரம்தான் அடுத்த தவறு. செயலாளர்கள் துண்டுத்தாளில் குறித்துக்கொண்டு போய், சனிக்கிழமை இரவு வீட்டில் இருந்து அறிக்கை எழுதுவார்கள். ஞாயிறு அதை வாசித்ததும் “நான் அப்படிச் சொல்லவில்லையே” என்று ஒருவர் எழும்புவார், போன வாரக் கூட்டம் திரும்பவும் முதலிலிருந்து நடக்கும். உங்கள் கூட்டத்தில் அரை மணித்தியாலம் இப்படித்தான் போகிறது என்று நினைக்கிறேன். பேச்சு முடிந்ததும் அடுத்த விடயத்துக்குப் போகாமல், தீர்மானத்தை அங்கேயே கரும்பலகையில் எழுதுங்கள். தலைவர் ஒரு தடவை உரத்து வாசிக்கட்டும். திருத்தம் இருந்தால் அப்போதே சொல்லவேண்டும். பிறகு அதைப் புத்தகத்தில் ஏற்றி, கூட்டம் கலையுமுன் பலகையைப் போட்டோ எடுத்து வட்ஸ்அப்பில் போடுங்கள். போன் இல்லாத உறுப்பினர்களுக்கு, அவர்கள் பெயரில் வேலை விழுந்திருந்தால் மட்டும், பக்கத்து லயனில் இருக்கும் ஒருவர் சொல்லிவிடலாம்.

பலகைக்கு இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் பக்கம் வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேல் பருவ மழை. தகரக் கூரை மண்டபத்தில் மழை பிடித்தால் மூன்றாவது வரிசைக்கு ஒன்றும் கேட்காது, கேட்காதவர்கள் தங்களுக்குள் பேசத் தொடங்குவார்கள். கதிரைகளைப் பள்ளிக்கூட வரிசையாகப் போடாமல், பலகையைச் சுற்றி நெருக்கமாக லாட வடிவில் போடுங்கள். பத்துப் பதினைந்து பேருக்கு மைக் வேண்டாம்.

இனி நேரம். தொடக்கத்தை வைத்துத் திட்டமிடாமல் கடைசி பஸ்ஸை வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள். பஸ் 6.10க்கு. தரிப்பிடத்துக்கு நடக்க 20 நிமிடம், பஸ் முந்தி வந்துவிட்டால் என்று ஒரு கால் மணித்தியாலம். ஆகவே 5.30க்குக் கூட்டம் முடிந்திருக்கவேண்டும். 4.15க்குத் தொடங்கினால் 75 நிமிடம் கையில் இருக்கும், ஒரு வாரக் கூட்டத்துக்கு அது தாராளம். 5.30 வந்ததும் பேசிக்கொண்டிருக்கும் விடயம் அடுத்த வாரத்துக்குப் போகும் என்பதை நிகழ்ச்சி நிரலின் கடைசி வரியாகவே எழுதிவிடுங்கள். நின்றுபோன இரண்டு பெண்களையும் திரும்பக் கூப்பிடுமுன் நான்கு ஞாயிறாவது இதைச் செய்து காட்டவேண்டும். ஏழு மணி இருட்டில், மூடுபனியில், தேயிலை மலைக்கு நடுவே குறுக்குப்பாதையில் நடக்கச் சொல்லிவிட்டு “பெண்களுக்கு ஆர்வம் இல்லை” என்று அறிக்கையில் எழுதுவது நியாயமில்லை. சிறுத்தை நடமாடும் மலைகள் அவை, ஆம்பிளைகளே தனியாகப் போகத் தயங்குவார்கள்.

தேத்தண்ணியை நடுவில் கொடுக்கிறீர்களா? அப்படியானால் 20 நிமிடம் அதிலேயே போகும். வந்தவுடன் கொடுங்கள். 4 மணிக்குக் கேத்தல் இறங்கியிருந்தால், குளிருக்கு ஆள் தானாக 4 மணிக்கு வரும். 15 பேருக்கு இரண்டேகால் லீட்டர் தண்ணீர், 35 கிராம் தூள், சீனி 150 கிராம். இஞ்சி ஒரு துண்டு தட்டிப் போட்டால் இன்னும் நல்லது. 4.15க்குக் கோப்பைகளை எடுத்துவிடவேண்டும். முறை வைத்து வாரம் இரண்டு பேர் இதைப் பார்க்கட்டும், அதில் ஒருவர் ஆணாக இருக்கட்டும்.

75 நிமிடத்தை எப்படிச் செலவழிப்பது? மௌன வணக்கம், வரவு ஏட்டில் கையெழுத்து, ஐந்து நிமிடம். போன வாரத் தீர்மானங்களில் பெயர் உள்ளவர்கள் எழுந்து “முடிந்தது” அல்லது “முடியவில்லை, இன்ன காரணம்” என்று ஒரு வசனத்தில் சொல்ல, பத்து நிமிடம். வந்த கடிதங்களும் கணக்கும் பத்து நிமிடம். மிச்சம் ஐம்பது நிமிடமும் ஒரே ஒரு பிரதான விடயத்துக்கு. ஒரு கூட்டத்துக்கு ஒன்றுதான். இப்போது நீங்கள் நிர்வாகம், திட்டம், சந்தா, விருந்தினர் எல்லாவற்றையும் ஒவ்வொரு ஞாயிறும் ஒரே பானையில் போட்டுக் கிண்டுகிறீர்கள்.

நான்கு ஞாயிறையும் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று நிர்வாகத்துக்கு. அதைச் சம்பளம் போடும் 10ஆம் திகதிக்கு அடுத்து வரும் ஞாயிறாக வையுங்கள், சந்தாவும் அன்றே. மாதக் கடைசியில் சந்தா கேட்டால் கிடைப்பது கடன் கணக்குத்தான். இன்னொன்று திட்டத்துக்கு, தாங்கி போன்ற வேலைகள் அதில் வரும். மூன்றாவது ஊருக்குத் திறந்த கூட்டம், உறுப்பினர் அல்லாதவர்களும் வரலாம். கிராம உத்தியோகத்தரையோ குடும்ப நல உத்தியோகத்தரையோ அழைத்து 20 நிமிடம் பேச்சு, மிச்சம் கேள்வி. தலைப்பு குறுகலாக இருக்கவேண்டும். “இளைஞர் முன்னேற்றம்” என்றால் வருகிறவர் பொதுவாகப் பேசிவிட்டுப் போவார். “15 வயது நிறைந்த பிள்ளைக்கு அடையாள அட்டை எடுப்பது எப்படி, பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழைத்திருந்தால் என்ன செய்வது” என்றால் மண்டபம் நிறையும். விண்ணப்பப் படிவங்களையும் கொண்டுவரச் சொல்லிக் கடிதத்திலேயே கேளுங்கள். நான்காவது ஞாயிறு மண்டபமே வேண்டாம். சிரமதானம், மடுவத்துக்கு வர்ணம் பூசுவது, ஆஸ்பத்திரி இரத்த வங்கியோடு சேர்ந்து இரத்ததான முகாம் என்று வேலையில் இறங்குங்கள். பேச வராத உறுப்பினர் பலர் மண்வெட்டி பிடிக்க வருவார்கள், அந்த வரவையும் ஏட்டில் பதியுங்கள். ஐந்தாவது ஞாயிறு வந்தால் லீவு. போயா, கோயில் திருவிழா, தீபாவளி ஆகியவற்றை வருடத் தொடக்கத்திலேயே நாட்காட்டியில் வட்டமிட்டு, அந்த வாரக் கூட்டங்களை முன்கூட்டியே தள்ளிவிடுங்கள்.

“வாரா வாரம் கூடாவிட்டால் கழகமா” என்று மூத்தவர்கள் கேட்கலாம். வாராந்தக் கூட்டப் பழக்கத்தை உலகெங்கும் பரப்பியது ரோட்டரி. 1905இல் சிக்காகோவில் உறுப்பினர்களின் அலுவலகங்களில் சுழற்சி முறையில் கூடியதால்தான் அதற்கு அந்தப் பெயரே வந்தது. அந்த ரோட்டரியே 2016இல் விதியைத் தளர்த்தி, மாதம் இரண்டு கூட்டமாவது நடந்தால் போதும் என்று கழகங்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டது. உங்களுடையது தனிக் கழகம், உங்களைக் கட்டுப்படுத்துவது உங்கள் யாப்பு மட்டுமே.

அந்த யாப்பில்தான் பெரிய சிக்கலும் இருக்கிறது. 28இல் பாதி 14. ஒன்பது பேர் எடுத்த தீர்மானம் எதுவும் உங்கள் சொந்த விதிப்படியே செல்லாது. நாளைக்கு ஒரு செலவைப் பற்றிப் பிரச்சினை வந்தால் முதலில் அகப்படுவது செயலாளர். அதற்காக ஒன்பது பேர் கூடிக் கோரத்தைக் குறைத்துவிடவும் முடியாது, குறைக்கும் தீர்மானத்துக்கும் கோரம் வேண்டும். முதலில் உறுப்பினர் ஏட்டைச் சுத்தம் செய்யுங்கள். கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போனவர்கள், ஒரு வருடமாகச் சந்தா கட்டாதவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். சந்தா நிலுவையால் உறுப்புரிமை இழப்பது பற்றி யாப்பில் என்ன இருக்கிறதோ அதன்படி எழுத்தில் அறிவித்தல் அனுப்பி, தவணை கொடுத்து, பிறகுதான் பெயரை நீக்கலாம். வாயால் சொல்லி வெட்டினால் அவர் திரும்பி வந்து கேட்பார். 28 என்பது 18 ஆனால் கோரம் 9. பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். பிறகு யாப்பில் சொன்ன முன்னறிவித்தலோடு விசேட பொதுக்கூட்டம் கூட்டி, வாரக் கூட்டத்துக்கு மூன்றில் ஒரு பங்கு, பொதுக்கூட்டத்துக்குப் பாதி என்று இரண்டு கோரமாகப் பிரித்துத் திருத்தம் கொண்டுவாருங்கள். பழைய தீர்மானங்களில் காசு சம்பந்தப்பட்டவற்றை அதே கூட்டத்தில் ஒவ்வொன்றாக வாசித்து அங்கீகாரம் பெறுங்கள். திருத்திய யாப்பின் பிரதி பிரதேச செயலகத்துக்குப் போகவேண்டும். நீங்கள் புதிய செயலாளர் என்பதால், நிர்வாக சபைப் பெயர்ப் பட்டியலும் தெரிவுக் கூட்ட அறிக்கையின் பிரதியும் அங்கேயும் வங்கியிலும் கொடுபட்டதா என்றும் பாருங்கள். பல இடங்களில் பழைய செயலாளரின் கையெழுத்துத்தான் இன்னும் வங்கியில் கிடக்கும்.

அதுவரை கோரம் இல்லாத ஞாயிறுகளில் கூட்டத்தைக் கலைக்கவேண்டாம். “கோரம் இல்லை, கலந்துரையாடல் மட்டும்” என்று எழுதி, காசு செலவாகும் எதையும் தொடாமல் பேசுங்கள்.

பொருளாளர் விடயத்தை வாரக் கூட்டத்தில் எடுக்கவே வேண்டாம். நிர்வாக சபையில் இல்லாத இரண்டு பேரை நியமித்து, ஒரு பின்னேரம் பொருளாளரோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்து எழுத்தில் அறிக்கை தரச் சொல்லுங்கள். கணக்கு இப்படி நேராகவேண்டும்: மாதத் தொடக்க மீதி 18,450 ரூபா, வரவு 6,200, செலவு 9,350 என்றால் மீதி 15,300. வங்கிப் புத்தகத்தில் 13,100, கையில் 2,200, கூட்டினால் அதே 15,300. நேராகாவிட்டால் உடனே களவு என்று நினைக்காதீர்கள். அநேகமாகத் தேத்தண்ணிக்கும் பஸ்ஸுக்கும் கொடுத்த காசு எழுதப்பட்டிருக்காது. அதைவிடக் கூடாத பழக்கம், சந்தாவாக வந்த காசை வங்கியில் போடாமல் நேரே செலவழிப்பது. வரவும் தெரியாது, செலவும் தெரியாது, நல்ல மனிதருக்கும் கெட்ட பெயர் வந்துவிடும். இலக்கமிட்ட பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் கார்பன் வைத்து எழுதி, வாங்கிய காசை அடுத்த வேலை நாளில் வங்கியில் போட்டு, கையில் வைக்கும் காசுக்கு ஓர் உச்சவரம்பு வைத்தால் முணுமுணுப்பு தானாக அடங்கும். வங்கியில் காசு எடுக்க மூவரில் இருவர் கையெழுத்து என்று வைத்திருந்தால், வெற்றுப் படிவத்தில் முன்கூட்டியே கையெழுத்திட்டுக் கொடுக்கும் பழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். அவசரத்துக்கு என்று கொடுப்பதுதான், ஆனால் பிறகு இரண்டு கையெழுத்துக்கு அர்த்தமே இல்லை.

போஷகர் ஐயாவுக்கு மணி அடிக்க முடியாது, அடிக்கவும் கூடாது. ஞாயிறு காலை அவர் வீட்டுக்கு நீங்களே நிகழ்ச்சி நிரலைக் கொண்டுபோய்க் கொடுங்கள். “ஐயா, இன்றைக்குத் தாங்கி விடயம் வருது, முதலில் நீங்கள் அஞ்சு நிமிசம் வழிகாட்டினா நல்லது” என்று கேளுங்கள். தொடக்கத்தில் பேசுகிறவர் சுருக்கமாகப் பேசுவார். எல்லாரும் பேசி முடித்த பிறகு எழும்புகிறவர்தான் எல்லாருக்கும் பதில் சொல்லப் பார்ப்பார். ஊர்த் திறந்த கூட்டத்தில் தலைமையுரை அவருடையதாகவே இருக்கட்டும்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். உங்கள் உறுப்பினர்கள் வெவ்வேறு தொழிற்சங்கங்களில் இருப்பார்கள். சம்பளப் பேச்சு நடக்கும் காலத்திலும் தேர்தல் காலத்திலும் கூட்டம் அந்தப் பக்கம் சரியும். “அது சங்கத்தில் பேசவேண்டியது, இங்கே இல்லை” என்று தலைவர் சொல்ல ஒரு விதி யாப்பில் இருக்கவேண்டும், திருத்தத்தோடு சேர்த்து அதையும் போடுங்கள். சங்கக் காரியாலயம் இலவசமாகக் கிடைத்தாலும் கூட்டத்தை அங்கே வைக்காதீர்கள்.

தண்டம் வேண்டாம். நாட்சம்பளத்தில் இருப்பவருக்கு 50 ரூபா பெரிது, கடை வைத்திருப்பவருக்கு அது ஒன்றுமில்லை. முதலாமவர் வராமல் நின்றுவிடுவார், இரண்டாமவர் காசைக் கட்டிவிட்டுப் பிந்தியே வருவார். சரியாக 4.15க்கு, ஆறு பேர் இருந்தாலும், தலைவர் எழுந்து மௌன வணக்கத்தைத் தொடங்கட்டும். பிந்தி வருகிறவருக்காக எதையும் திரும்பச் சொல்லவேண்டாம், பலகையைக் காட்டினால் போதும். தலைவரே 4.40க்கு வருகிறவர் என்றால், தொடங்கும் பொறுப்பை உப தலைவரிடம் கொடுங்கள்.